இன்றைய வைரஸ் அன்றைய பாரமகாலுக்குள் நுழைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 2020க்குப் பிறகு நுண்ணுயிர்கள் பாடத்தைத் திறந்தாலே ஒரு கை மேலே போய்விடும்: "மிஸ், இந்தக் கொரோனா திப்பு சுல்தான் காலத்துல வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" பாதிப் பிள்ளைகள் ஊரே அழிந்திருக்கும் என்பார்கள். விசேஷ வீடுகளில் பெரியவர்கள் நேர் எதிராகச் சொல்வார்கள், களி தின்ற அந்தக் காலத்து உடம்புக்கு இதெல்லாம் ஒரு தும்மல்தான் என்று. இரண்டையும் நான் நம்பவில்லை. பல வருடமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏன் பாரமகால்? ஏன் 1790கள்?

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிக்கு அன்று பாரமகால் என்று பெயர். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இதைக் கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், விட்டுக்கொடுத்தார். கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள், மன்றோ தர்மபுரியிலேயே சில வருடம் குடியிருந்தார். ரயில் இல்லை. ஊசி மருந்து இல்லை. பெரியம்மைத் தடுப்பூசியும் இல்லை, ஜென்னர் அதைச் செய்து பார்த்ததே 1796ல்தான், இந்தியாவுக்கு வந்தது 1802ல். ஆலைத்தொழில் வருவதற்கு முந்தைய சமூகம் என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டாம், நம் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா வாழ்ந்த ஊரே போதும்.

கணக்கு போட வசதியாக, பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் அறுபது வீடு, முந்நூறு பேர் உள்ள ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் கேழ்வரகும் சாமையும் விளையும் கொல்லை, ஒரு ஏரி, இரண்டு மூன்று கிணறு. கீழே வருகிற பதில் எல்லாவற்றிலும் இந்த ஊரைத்தான் சொல்கிறேன்.

கொரோனா அப்போது வந்திருந்தால் ஊர் அழிந்திருக்குமா?

இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும், ஆனாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

2020ல் பரவிய கொரோனா வயதைப் பார்த்து அடித்த நோய். வசதியான நாடுகளில் எடுத்த கணக்குப்படி, தொற்று வந்தவர்களில் 25 வயதில் பத்தாயிரத்துக்கு ஒருவர், 55 வயதில் ஆயிரத்துக்கு நான்கு பேர், 75 வயதில் நூற்றுக்கு நான்கைந்து பேர், 85 வயதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் என்று ஏறிக்கொண்டே போனது. இன்று தமிழ்நாட்டில் நூறு பேரில் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 1790களின் ஊரில் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தாலே அதிகம். எண்பதைத் தாண்டியவர் பத்து ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார். கொரோனாவைக் கொடூரமாக்கிய சர்க்கரை வியாதியும் உடல் பருமனும் அந்த ஊரில் ஏறக்குறைய கிடையாது.

நம் முந்நூறு பேர் ஊரில் அறுபதைத் தாண்டியவர்கள் பதினைந்து பேர் என்று வைத்து, ஆக்சிஜனும் மருத்துவமனையும் இல்லாததற்காகச் சாவு விகிதத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டிப் பார்த்தாலும், எனக்கு வருவது ஒன்றிரண்டு சாவு, மிஞ்சினால் மூன்று. அந்தக் காலத்தில் முந்நூறு பேர் உள்ள ஊரில் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சாவு சாதாரணம், அதில் பாதி குழந்தைகள். ஆகவே கொரோனா வந்து போனதையே ஒரு தனி நோயாக அவர்கள் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். "அந்த வருசம் பனி அதிகம், காய்ச்சல் வந்து மூணு பெரியவங்க போய்ட்டாங்க" என்ற அளவில் நின்றிருக்கும். ஒன்றை மட்டும் பேசியிருப்பார்கள்: சுடச்சுடக் கிளறிய களியின் வாசனையும் புளிக்குழம்பின் வாசனையும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாமல் போனதை.

அப்படியானால் நவீன வைரஸுக்குப் பயப்பட ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. 1918ன் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது இன்ஃபுளூயன்சா வைரஸ்தான், ஆனால் அடித்தது இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களை. 1918 நடுவில் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்து, அந்த வருடக் கடைசிக்குள் இந்தியாவில் ஒன்றேகால் கோடியிலிருந்து ஒன்றேமுக்கால் கோடி வரை கொன்றது என்று மதிப்பிடுகிறார்கள், அதற்கும் மேலே சொல்பவர்களும் உண்டு. 1911க்கும் 1921க்கும் நடுவில் இந்திய மக்கள்தொகை கூடாமல் குறைந்தது, கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அப்படிக் குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான். மேற்கிலும் வடக்கிலும் அடித்த அளவுக்குச் சென்னை மாகாணத்தில் அடிக்கவில்லை.

மற்ற இடங்களில் நூற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பேர் என்று வருகிற விகிதத்தை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். முந்நூறு பேரில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேர், இரண்டு மாதத்துக்குள். யார் அந்தப் பதினெட்டுப் பேர்? ஏர் பிடிக்கிறவன், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டுகிறவன், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆறு சதவீதம். ஆனால் அந்த ஆறு சதவீதம்தான் மற்றவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் கேழ்வரகுக் கதிர் கொல்லையிலேயே நிற்கும், அறுக்க ஆள் இருக்காது.

இன்னொரு விஷயம். 1918ல் இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது வைரஸுக்குப் பின்னால் நுரையீரலில் வந்து உட்கார்ந்த பாக்டீரியா நிமோனியா. பெனிசிலினைக் கண்டுபிடித்தது 1928ல், மக்களுக்குக் கிடைத்தது 1940களில். ஆக 1918க்கும் 1790க்கும் மருந்து விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால்தான் இந்த உதாரணம் இங்கே பொருந்துகிறது.

களியும் சாமையும் தின்ற உடம்பு. இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி அதிகம் இருந்திருக்காதா?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். எனக்கும் களி பிடிக்கும், வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் களிதான், அதனால் களியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதி பொதுவானது, நல்ல சாப்பாடும் தூக்கமும் அதைத் தாங்கிப் பிடிக்கும். இன்னொரு பகுதி ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிற மாதிரி. ஏற்கெனவே வந்த கிருமியைத்தான் அதற்குத் தெரியும், வராத கிருமியைத் தெரியாது. பெரியம்மை வந்து பிழைத்தவருக்குத் திரும்ப அது வராது, ஆனால் அந்த அனுபவம் புதுக் காய்ச்சலுக்கு ஒன்றும் செய்யாது.

இதற்கு அழகான சாட்சி ஃபாரோ தீவுகள். வட அட்லாண்டிக்கில் உள்ள சின்னத் தீவுக்கூட்டம், 1846ல் அங்கே 7,782 பேர். 1781க்குப் பிறகு அங்கே தட்டம்மையே வந்ததில்லை. 1846ல் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தார், சில மாதத்துக்குள் ஆறாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். டென்மார்க்கிலிருந்து போன பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். 1781ல் சிறு பிள்ளையாக இருந்தபோது தட்டம்மை வந்த கிழவர்கள் ஒருவருக்கும், 65 வருடம் கழித்தும், திரும்ப வரவில்லை. அதே கிழ வயதில் முன்பு வராதவர்களுக்கு வந்தது. எல்லோரும் தின்றது ஒரே மீனும் ஒரே ஆட்டுக்கறியும்தான்.

உண்மையில் 1790களின் பாரமகால்காரர் உடம்பு நாம் நினைக்கிற அளவுக்குத் தெம்பாகவும் இருந்திருக்காது. மலைக்காய்ச்சலால் ரத்தசோகை, வயிற்றில் புழு, மழை பொய்த்த வருடத்தில் அரை வயிறு. அதோடு 1790லிருந்து 1792 வரை இந்த மண்ணில் சண்டை நடந்துகொண்டிருந்தது, இரண்டு பக்கத்துப் படையும் தானியத்தையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு போயின. அப்படி ஒரு வருடத்தில் வைரஸ் வந்தால், அதே வைரஸ் நல்ல விளைச்சல் வருடத்தில் செய்வதைவிடப் பல மடங்கு செய்யும்.

எதிர்ப்புச் சக்தி இல்லாததுதான் ஆட்களைக் கொன்றது, சரியா?

பாதிதான் சரி.

ஃபாரோவில் யாருக்கும் எதிர்ப்பு இல்லை, ஏறக்குறைய எல்லோருக்கும் வந்தது, ஆனால் இறந்தவர்கள் சில சதவீதத்தைத் தாண்டவில்லை. 1875ல் அதே தட்டம்மை ஃபிஜிக்குப் போனது. சிட்னிக்குப் போய்த் திரும்பிய அரசரின் கூட்டத்தோடு கப்பலில் வந்து இறங்கி, தலைவர்கள் கூடிய ஒரு பெரிய கூட்டத்தில் பரவி, அங்கிருந்து ஒவ்வொரு தீவுக்கும் நடந்தது. சுமார் 40,000 பேர் இறந்தார்கள், நாலில் ஒரு பங்கு மக்கள். வைரஸ் ஒன்று, சாவு பத்து மடங்கு. ஃபிஜியில் வீடு வீடாகப் படுத்தபோது அடுப்பு மூட்ட ஆள் இல்லை, காய்ச்சல் தாங்காமல் ஓடையில் போய்ப் படுத்தார்கள், பயத்தில் நோயாளியை விட்டு ஓடினார்கள். 1968ல் அமேசான் காட்டில் யானோமாமி மக்களுக்குத் தட்டம்மை வந்தபோது உடனிருந்து பார்த்த ஆய்வாளர்களும் இதைத்தான் எழுதினார்கள்: ஒரே நேரத்தில் பெரியவர், சிறியவர் எல்லோரும் படுத்ததால் கவனிப்பு நின்றுபோனது, சாவில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட 2021 மே மாதத்தில் என் வீட்டில் தெரிந்துகொண்டது அதிகம். நான், வீட்டுக்காரர், மாமியார், பெரியவன் நாலு பேரும் இரண்டு நாளுக்குள் அடுத்தடுத்துப் படுத்துவிட்டோம். சின்னவளுக்கு மட்டும் வரவில்லை, அவளுக்கு அப்போது ஆறு வயது. மூன்றாவது நாள் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தைச் சாய்க்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், காஸ் அடுப்பு இருக்கிறது, அப்படியும் இந்த நிலைமை. பக்கத்து வீட்டு அக்கா பத்து நாள் தினம் இரண்டு வேளை கஞ்சித் தூக்கையும் வெந்நீரையும் வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, "பாப்பா, எடுத்துக்கிட்டு உள்ள போ" என்று தெருவில் நின்று குரல் கொடுப்பார். மாமியார் பிழைத்தது அந்தக் கஞ்சியால் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். அக்கா வீட்டிலும் அதே வாரம் எல்லோரும் படுத்திருந்தால்?

1790ல் தண்ணீர் என்றால் கிணற்றில் இறங்கியோ ஏரியிலோ மொண்டு தலையில் சுமந்து வர வேண்டும். விறகு பொறுக்க வேண்டும். கேழ்வரகைத் திருகையில் அரைத்தால்தான் களி. காய்ச்சலில் கிடக்கிற உடம்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று செம்புத் தண்ணீராவது உள்ளே போக வேண்டும், குழந்தைக்கு இன்னும் அடிக்கடி. மருந்தே இல்லாத நோயிலும் இந்தத் தண்ணீரும் கஞ்சியும் கிடைத்தவர் கிடைக்காதவரைவிட அதிகம் பிழைப்பார். அதனால் ஒரு வைரஸைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும், அது எத்தனை பேரைக் கொல்லும் என்பதற்கு முன்னால், ஒரே வாரத்தில் எத்தனை பேரைப் படுக்க வைக்கும் என்றுதான் பார்க்கச் சொல்வேன்.

அந்தத் தண்ணீரும் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்கவில்லை. ஊர்க்கிணற்றைச் சேரி மக்கள் தொடக்கூடாது என்று வைத்திருந்த காலம். உடம்பு நன்றாக இருக்கும்போதே தூரத்துக் கிணற்றுக்கும் குட்டைக்கும் போனவர்கள், படுத்துவிட்டால் என்ன செய்வார்கள்? சாவுச் செய்தி சொல்ல நாலு ஊர் நடந்ததும், பிணம் எரிக்க நின்றதும் அவர்களே, அதனால் நோய் முதலில் தொடுவதும் அவர்களைத்தான். 1918ல் பம்பாய் நகரத்தில் தாழ்த்தப்பட்ட சாதியினரில் ஆயிரத்துக்கு 61 பேர் இறந்தார்கள், ஐரோப்பியரில் 8 பேர். நம் ஊர் முந்நூறு பேரில் சாவு எங்கே குவிந்திருக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மெட்ராஸில் வந்த நோய் பாரமகாலுக்கு வர எத்தனை நாள் ஆகும்?

இன்று கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். அன்று கட்டை வண்டி ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும். 250 கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கே இரண்டு நாள்.

இப்போது நோயின் வேகத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்ஃபுளூயன்சா தொற்றி இரண்டு நாளில் காய்ச்சல் வந்துவிடும், ஒரு வாரத்தில் பரப்புவதும் நின்றுவிடும். மெட்ராஸில் தொற்றிக்கொண்ட வண்டிக்காரர் காஞ்சிபுரத்தைத் தாண்டுவதற்குள் படுத்துவிடுவார். கூட வந்த நாலு பேருக்குக் கொடுத்தால், அவர்களும் வேலூர்ப் பக்கம் படுத்து எழுந்துவிடுவார்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை கண்ணில் படும்போது வண்டியில் நோயே இருக்காது. தட்டம்மை வேறு மாதிரி. தொற்றிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆள் நன்றாக இருப்பார், நடந்தே வந்து சேர்ந்து, சொந்தக்காரர் வீட்டில் கால் கழுவி, சந்தைக்கும் போய்விட்டு, அதற்குப் பிறகு படுப்பார். மெதுவாக முளைக்கிற வைரஸுக்கு மாட்டு வண்டியே போதும், சீக்கிரம் முளைக்கிற வைரஸுக்கு ரயிலோ நீராவிக் கப்பலோ இருந்தால் வசதி. நம் பக்கம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது 1906ல். பஞ்சத்துக்குத் தானியம் கொண்டுவரப் போட்ட தடம், காய்ச்சலும் அதில் ஏறி வரலாம்.

ஆனால் வசதி வேறு, கட்டாயம் வேறு. 1781, 1782ல் பாய்மரக் கப்பலும் குதிரையும் மட்டும் இருந்த காலத்திலேயே ஒரு இன்ஃபுளூயன்சா ரஷ்யா வழியாக ஐரோப்பா முழுவதும் சுற்றியது. கூட்டம் பெரிதாக இருந்தால் வேகம் குறைவாக இருந்தாலும் நெருப்பு அணையாது. பாரமகாலில் அப்படிப்பட்ட கூட்டம் இரண்டு. ஒன்று படை, ஆயிரக்கணக்கான சிப்பாயும் அவர்களுக்குப் பின்னால் அதைவிடப் பெரிய கூட்டமாக வந்த சமையல்காரர், மாடு மேய்ப்பவர், குடும்பங்களும். இன்னொன்று படைகளுக்குத் தானியம் சுமந்த லம்பாடிக் கூட்டம், ஆயிரக்கணக்கான பொதி மாடுகளோடு. நாலு பேர் உள்ள வண்டியில் அணைந்துபோகிற காய்ச்சல், நாலாயிரம் பேர் கூட்டத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே ஊர் ஊராக வரும்.

வந்து சேர்ந்த பிறகு வேலையைச் செய்வது வாரச்சந்தை. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஊரில் இந்த வாரம் பிடித்தது, சந்தை வழியாக அடுத்த வாரம் பத்து ஊருக்குப் போகும். நோய் முந்நூறு பேர் ஊருக்குள் ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் ஆளில்லாமல் அணைந்துவிடும். தட்டம்மை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் தங்க இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை மக்கள் தேவை, அத்தனை பேர் நெருங்கி வாழ்ந்த நகரம் பாரமகாலில் கிடையாது. ஆகவே தங்காது, வரும், எரித்துவிட்டுப் போகும், சில வருடம் கழித்துப் புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் திரும்ப வரும்.

போக்குவரத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் காலத்துச் சாட்சியும் உண்டு. பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கிற கிருஷ்ணகிரி, 2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக, அதாவது கொரோனா தொற்று இல்லாத பகுதியாக, இருந்த ஒரே மாவட்டம். வண்டிகள் நின்றிருந்தன, அதனால்.

நிபா, எபோலா, எச்.ஐ.வி. மாதிரி வைரஸ்கள் வந்திருந்தால்?

நிபா பயங்கரம், ஆனால் தூரம் போகாது. 2018ல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 பேர் இறந்தார்கள், கவனித்த குடும்பத்தாரும் மருத்துவமனையில் இருந்தவர்களும்தான் பெரும்பாலும். ஒருவர் சராசரியாக ஒருவருக்குக்கூடக் கொடுப்பதில்லை, அதனால் நம் ஊரில் இரண்டு மூன்று வீட்டை நாசமாக்கிவிட்டு நின்றுவிடும்.

எபோலா எனக்கு அதிகம் கவலை தருகிறது, காரணம் சாவு வீடு. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை 11,000 பேருக்கு மேல் இறந்தபோது, பிணத்தைக் கழுவி, தொட்டு அழுத சடங்குகள் வழியாக நிறையப் பரவியது. நம் பக்கமும் குளிப்பாட்டுவோம், கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்போம், வாய்க்கரிசி போடுவோம், பத்து ஊரிலிருந்து பங்காளிகள் வருவார்கள்.

எச்.ஐ.வி.யை யாரும் நோய் என்றே பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் அதை முதலில் கண்டது 1986ல், சென்னையில். தொற்றி எட்டுப் பத்து வருடம் ஆள் நன்றாக இருந்து, பிறகு இளைத்து, பெரும்பாலும் காசநோயில் முடிவார். 1790ல் அதை எலும்புருக்கி என்று சொல்லிவிட்டு விட்டிருப்பார்கள். ஊசியும் ரத்தமேற்றுவதும் இல்லாததால் மெதுவாகத்தான் பரவியிருக்கும்.

போலியோ?

இதில் நேர்மாறு. அழுக்குத் தண்ணீர் இருந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு உடம்பில் இருக்கும்போதே போலியோ வந்து போய்விடும், முடக்கம் குறைவு. சுத்தமான தண்ணீர் வந்த பிறகுதான் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் தடவையாக வந்து கூட்டம் கூட்டமாகக் காலை முடக்கியது.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவது, வேப்பிலை சொருகுவது, இதெல்லாம் அந்தக் காலத்துத் தனிமைப்படுத்தல்தானே?

ஓரளவுக்கு ஆமாம், எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை இருந்தால் வெளியாள் உள்ளே போக மாட்டார். அந்த வீட்டில் ஒருவர் மட்டும் கவனிப்பார். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் மற்றவர்களோடு புழக்கம். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் தங்கக் கூடாது. பெரியம்மைக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் பெரியம்மை வந்தவர் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் பரப்பத் தொடங்குவார், அதற்குள் ஆள் பாயில் இருப்பார். தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்தே பரவும், கொரோனாவும் அறிகுறிக்கு முன்பே பரவும். வேப்பிலை வாசலில் ஏறும்போது வைரஸ் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அதோடு நோய் விலகக் கூழ் ஊற்றி ஊரைக் கூட்டினால் அது எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

ஊரைக் காலி செய்வது வேறு பழக்கம். 1898ல் பெங்களூரில் பிளேக் வந்தது, அது பாக்டீரியா நோய், எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது. அந்தக் காலத்தில் வீட்டை விட்டுக் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டால் எலியிடமிருந்து தப்பலாம். கோவையில் பிளேக் மாரியம்மன் கோவிலே இருக்கிறது, அந்தப் பயத்தின் நினைவாக. மூச்சில் பரவும் வைரஸுக்கும் இது உதவும், குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளிக் குடிசை போட்டால். கேழ்வரகு இந்த இடத்தில் கைகொடுக்கும்: குழியில் கொட்டி மூடினால் வருடக்கணக்கில் பூச்சி அரிக்காது, சந்தைக்குப் போகாமல் சில மாதம் ஓட்டலாம். கையிருப்பு இருந்த ஊருக்கு, அதுவும் கையிருப்பு இருந்த வீட்டுக்கு.

வழியை மூடுவது எவ்வளவு செய்யும் என்றால், 1918ல் அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்தது, ஒருவர்கூட இறக்கவில்லை. பக்கத்திலிருந்த மேற்கு சமோவா ஆக்லாந்திலிருந்து வந்த தலூனே கப்பலை உள்ளே விட்டது, ஐந்தில் ஒருவருக்கு மேல் போனார்கள்.

வைரஸ் ஆட்களுக்கு வராமல் மாட்டுக்கு வந்திருந்தால்?

இதைக் கேட்டது எட்டாம் வகுப்புப் பையன், வீட்டில் நாலு கறவை மாடு. நல்ல கேள்வி. மாட்டு வெக்கை நோய் 1880களின் கடைசியில் எத்தியோப்பியாவுக்கு முதல் தடவையாகப் போனபோது பத்து மாட்டில் ஒன்பது செத்தது, உழ மாடில்லாமல் வந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் இறந்தார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு மனிதருக்குக்கூட அந்த வைரஸ் தொற்றவில்லை. பாரமகாலில் உழவு, கவலை, வண்டி, எரு எல்லாமே மாடு. இப்போது வருகிற தோல் கழலை நோயோ கோமாரியோ புதிதாக அந்த ஊருக்குள் போனால், கொரோனாவைவிட அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெக்கை நோயை 2011ல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டார்கள், பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிந்த ஒரே நோய்.

நானே கால இயந்திரத்தில் 1790க்குப் போனால் ஊருக்கு ஆபத்தா, எனக்கு ஆபத்தா?

இரண்டும், ஆனால் உங்களுக்குத்தான் அதிகம். உங்கள் மூக்கில் உள்ள இன்றைய சளி வைரஸ் அவர்களுக்குப் புதிது, ஒரு ஊர் இருமும். உங்களுக்கோ பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு கையில் இருக்காது, 1970களின் கடைசிக்குப் பிறகு பிறந்தவர் யாருக்கும் இல்லை. பெரியம்மை தொற்றினால் தடுப்பூசி போடாதவர்களில் பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அங்கே உங்களைக் கவனிக்கக்கூடியவர் முகத்தில் தழும்போடு இருக்கிற ஒரு பாட்டியாகத்தான் இருப்பார், அவருக்கு அது திரும்ப வராது.

இதை வகுப்பில் செய்து பார்க்க முடியுமா?

முடியும், ஒரு பானையும் நாற்பது சீட்டும் போதும். நாற்பது பிள்ளைகள் பெயரையும் எழுதிப் பானையில் போடுங்கள். முதல் நோயாளி இரண்டு சீட்டு எடுக்கட்டும், ஒவ்வொன்றையும் திரும்பப் போட்டுவிட்டு. பெயர் வந்தவர்கள் அடுத்த சுற்றில் நோயாளி, அவர்களும் ஆளுக்கு இரண்டு எடுக்கட்டும். ஒரு தடவை வந்தவருக்குத் திரும்ப வராது. இது ஏறக்குறைய 1918 காய்ச்சல், ஏழெட்டுச் சுற்று ஓடும், சில பேர் தப்புவார்கள். பிறகு ஆளுக்குப் பதினைந்து சீட்டு என்று மாற்றுங்கள், அது தட்டம்மை.

இரண்டு ஆட்டத்திலும் ஒரே ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோயாளிகள் தரையில் உட்கார வேண்டும், நின்றுகொண்டிருக்கிற ஒவ்வொருவரும் இரண்டு நோயாளிக்கு மட்டும் தண்ணீர்ச் செம்பு கொடுக்கலாம். முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் செம்பு கிடைத்துவிடுகிறது. தட்டம்மை ஆட்டத்தில் இரண்டாம் சுற்றில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் உட்காருவார்கள், அப்போதும் சமாளிக்கலாம். மூன்றாம் சுற்றில் மீதி இருபத்தாறு இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். முந்தைய சுற்றில் விழுந்தவர்கள் இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள், முதலில் விழுந்த ஒருவர் மட்டும் எழுந்து நிற்பார். போன வருடம் எங்கள் வகுப்பில் அப்படி நின்ற பெண் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், யாருக்குக் குடுக்கிறது?" என்று கேட்டாள்.